பேட்டைப் புதுப்பிப்பு: ஒப்புதல் படிவத்துக்கு முன்பே பேச வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் ஒரு பழைய குடியிருப்புப் பேட்டையில் புதுப்பிப்புப் பணி வரப்போகிறது என்றால், புளோக்கின், அதாவது அடுக்குமாடிக் கட்டடத்தின், திறந்த கீழ்த்தளத்தில் கண்காட்சிப் பலகைகள் முளைத்துவிடும். வண்ணப் படங்களில் எந்நேரமும் இளவெயில். புல்தரையில் ஒரு குழந்தை, பெஞ்சில் சிரித்தபடி ஒரு தாத்தா. பக்கத்து மேசையில் ஒப்புதல் படிவம். கருத்துச் சொல்லவேண்டிய நேரம் இதுதான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் அது ஏறக்குறையக் கடைசிக் கட்டம். கூரை எங்கே தொடங்கி எங்கே முடியும், பெஞ்சு எந்தப் பக்கம் பார்க்கும் என்பதெல்லாம் அதற்குள் வரைபடத்தில் ஏறியிருக்கும். மீதமிருப்பது ‘வேண்டும்’, ‘வேண்டாம்’ என்ற இரண்டு கட்டங்கள் மட்டும். அந்தப் பலகைகள் வருவதற்கு முன் குடியிருப்பாளர்கள் செய்யக்கூடியவை எவை என்பது பற்றியே இக்கடிதம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். வீட்டுக்குள் நடப்பது ஒரு திட்டம், வீட்டுக்கு வெளியே நடப்பது வேறொரு திட்டம். இரண்டையும் 2007இல் அரசாங்கம் அறிவித்தது. இல்ல மேம்பாட்டுத் திட்டத்தில் உதிரும் கான்கிரீட், கழிவுநீர்க் குழாய், மின்சுமை போன்றவை சரிசெய்யப்படும். கழிவறை, வாசற்கதவு முதலியவை விருப்பத் தேர்வுகள். அவற்றுக்கு வீட்டு அளவைப் பொறுத்து உரிமையாளர் ஒரு பங்கு கட்டவேண்டும். அக்கம்பக்கப் புதுப்பிப்புத் திட்டமோ கதவுக்கு வெளியே உள்ளதைப் பார்ப்பது: கூரையுள்ள நடைபாதை, வாகனத்திலிருந்து இறங்கும் இடத்தில் பந்தல், விளையாட்டு இடம், உடற்பயிற்சி மூலை, மின்தூக்கி முகப்பு, கடிதப் பெட்டி. இதன் செலவு முழுவதையும் அரசாங்கம் ஏற்கிறது. நடத்துவது நகர மன்றம். வீட்டு உரிமையாளர்களில் குறைந்தது 75 விழுக்காட்டினர் ஆதரித்தால் மட்டுமே பணி நடக்கும்.

‘செலவு முழுவதும் அரசாங்கத்துடையது’ என்ற வாக்கியத்தில் ஒரு சிறு பொறி இருக்கிறது. கட்டுவதற்குத்தான் அந்தப் பணம். கட்டியதைக் கூட்டிக் கழுவுவதும், எரிந்துபோன விளக்கை மாற்றுவதும், கிழிந்த ரப்பர் தரையை ஒட்டுவதும் நகர மன்றத்தின் தலையில் விழும். அதில் பெரும்பகுதி நாம் மாதந்தோறும் கட்டும் சேவை, பராமரிப்புக் கட்டணத்திலிருந்து போகிறது. ஆகவே ‘இலவசமாகத்தானே வருகிறது, எல்லாவற்றையும் கேட்போம்’ என்ற மனநிலையோடு கருத்துக் கேட்கும் கூட்டத்துக்குப் போவது நல்லதல்ல. நீரூற்று கேட்டால் அதற்கு மோட்டார் உண்டு, மின்கட்டணம் உண்டு, பாசி உண்டு, கொசு பற்றிய கவலையும் உண்டு. பத்தாண்டுகளுக்குப் பிறகும் ஓடிக்கொண்டிருக்கும் அலங்கார நீரூற்றுகள் எத்தனை என்று எண்ணிப் பார்க்கலாம்.

கூட்டத்தில் ‘என்ன வேண்டும்?’ என்று கேட்பார்கள். அது பதில் சொல்லக் கடினமான கேள்வி. மக்கள் எங்கோ பார்த்ததைச் சொல்வார்கள்: நீரூற்று, பெரிய சறுக்கு மரம், மேலும் ஒரு உடற்பயிற்சி மூலை. ‘தினமும் எந்த வழியாகச் சந்தைக்குப் போகிறீர்கள்? மழை பெய்தால் எந்த வழி? எந்த இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறீர்கள்?’ என்று கேட்டால் வரும் பதில்களே வரைபடத்துக்குப் பயன்படும். அந்தப் பதில்களைத் திரட்டச் சுலபமான வழி, நடந்து பார்ப்பது. ஆறு முதல் எட்டுப் பேர் போதும். அதில் சக்கர நாற்காலியில் செல்பவர் ஒருவர், குழந்தை வண்டி தள்ளுபவர் ஒருவர், சந்தைக்குச் சக்கரப் பை இழுத்துச் செல்பவர் ஒருவர் இருக்கவேண்டும். பத்து மீட்டர் அளவு நாடா, சாக்குக்கட்டி, கைப்பேசி, பேட்டையின் வரைபடம் ஒன்று. மூன்று நேரங்களில் நடக்கவேண்டும்: பள்ளிக்குக் கிளம்பும் காலை ஆறே முக்கால், வெயில் அடிக்கும் பிற்பகல், விளக்கு எரியும் இரவு எட்டு மணி. நான்காவதாக, மழை விட்ட அரைமணி நேரத்தில் ஒரு நடை. இந்த நான்காவது நடையைத் தவறவிடாதீர்கள். தேங்கிய நீரின் விளிம்பில் சாக்குக்கட்டியால் கோடு போட்டு, நாடாவை வைத்துப் படம் எடுத்துக்கொண்டால் பிறகு எந்த வாதமும் தேவைப்படாது. புல்வெளியில் கால்தடத்தால் தேய்ந்த மண்பாதைகளையும் குறித்துக்கொள்ளுங்கள். போட்ட பாதை ஓரிடத்தில், நடக்கும் பாதை வேறிடத்தில் என்றால் தவறு நடப்பவருடையது அல்ல.

அடுத்தது, பலரும் கண்டுகொள்ளாத எல்லைச் சிக்கல். நம் கண்ணுக்கு ஒரே தரையாகத் தெரிவது காகிதத்தில் நாலைந்து பேருடைய பொறுப்பு. புளோக்கைச் சுற்றியுள்ள பொது இடம் நகர மன்றத்தின் கையில். சாலையும் சாலையோர நடைபாதையும் நிலப் போக்குவரத்து ஆணையத்துடையவை. பெரிய வடிகால் பொதுப் பயனீட்டுக் கழகத்துடையது. பூங்காவும் சாலையோர மரங்களும் தேசியப் பூங்காக் கழகத்தின் பொறுப்பு. உணவங்காடி நிலையம் என்றால் தேசியச் சுற்றுப்புற வாரியமும் உள்ளே வரும். கூரையுள்ள நடைபாதை பேருந்து நிறுத்தத்துக்குச் சில மீட்டர் முன்னால் நின்றுபோவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். பேட்டை எல்லை அங்கே முடிகிறது, திட்டத்தின் பணமும் அங்கேயே முடிகிறது. அந்த இடைவெளியை ஒப்பந்ததாரர் வந்தபிறகு சுட்டிக்காட்டிப் பயனில்லை. வரைபடம் தொடங்கும் கட்டத்திலேயே நகர மன்றமும் ஆணையமும் சேர்ந்து அந்த எல்லையில் நின்று பார்க்கவேண்டும் என்று எழுத்தில் கேட்கவேண்டும். எந்தத் துண்டு யாருடையது என்று தெரியாவிட்டால் ‘ஒன்சர்வீஸ்’ செயலியில் இடத்தைக் குறித்துப் படத்தோடு அனுப்பினால் உரிய அமைப்புக்குப் போய்ச் சேரும். 2014இல் அமைக்கப்பட்ட நகராட்சிச் சேவை அலுவலகத்தின் வேலையே அதுதான்.

கூரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். எல்லாரும் கேட்பதும் அதுவே, அதிகம் ஏமாற்றம் தருவதும் அதுவே. புளோக்குக்கும் புளோக்குக்கும் இடையே தீயணைப்பு வண்டி வந்து நிற்கும் வழி இருக்கும். அதன் அகலம் குறைந்தது 6 மீட்டர் இருக்கவேண்டும், தலைக்கு மேல் 4.5 மீட்டருக்குத் தடை இருக்கக்கூடாது என்பது தீப்பாதுகாப்பு விதி. எனவே நடைபாதைக் கூரை அந்த வழியைக் கடக்கும் இடத்தில் உயர்ந்தே ஆகவேண்டும். உயர்ந்த கூரை அழகாக இருக்கும், ஆனால் மழையைத் தடுக்காது. கணக்கு எளிது. மழை செங்குத்திலிருந்து 30 பாகை சாய்ந்து விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். 2.7 மீட்டர் உயரக் கூரையின் கீழ் சாரல் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உள்ளே வரும். கூரையின் அகலம் 2.4 மீட்டர் என்றால் ஒருவர் நனையாமல் நடக்க எண்பது சென்டிமீட்டருக்கு மேல் மிஞ்சும். அதே அகலத்தில் கூரை 4.5 மீட்டர் உயரம் என்றால் சாரல் 2.6 மீட்டர் உள்ளே வரும். கூரையின் அகலத்தைவிட அது அதிகம். நனையாத இடம் என்று ஒன்றுமே இராது. ஆகவே உயரும் இடத்தில் கூரை அகலவும் வேண்டும். அது முடியாவிட்டால், காற்று வரும் பக்கத்தில் மட்டுமாவது நீட்டவேண்டும்.

காற்று எந்தப் பக்கம் வரும்? டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழையோடு வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும். ஆண்டின் நடுப்பகுதியில் சுமத்ரா சூறைக்காற்று மேற்கிலிருந்து வரும். அது பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலையிலும் அடிப்பது. மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகம். பிள்ளைகள் பள்ளிக்கும் பெரியவர்கள் சந்தைக்கும் கிளம்பும் நேரம் அது. ஆக, வடக்கு தெற்காக ஓடும் நடைபாதை மேற்குச் சாரலை முழுப் பக்கவாட்டில் வாங்கும். ‘மேற்குப் பக்கத்தில் கூரை எவ்வளவு நீளுகிறது?’ என்பது பொதுக்கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் கேட்கக்கூடிய, கேட்கவேண்டிய கேள்வி. கூரையிலிருந்து வழியும் நீர் எங்கே போகிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். குழாய் நேராகப் புல்தரையில் முடிந்தால் அந்த இடம் ஆறு மாதத்தில் சேறாகும். நடைபாதையிலேயே வழிந்தால் பாசி பிடிக்கும். தூண்களை நட நினைத்த இடத்துக்கு அடியில் கழிவுநீர்க் குழாயோ மின்கம்பியோ இருந்தால் பாதையையே வளைப்பார்கள். வரைபடத்தில் நேராக இருந்த பாதை கட்டியபின் கோணலாக வருவதற்கு இதுவே காரணம். நிலத்தடிக் குழாய்களின் வரைபடத்தைப் பார்த்தாகிவிட்டதா என்று முதலிலேயே ஆலோசகரிடம் கேட்டுவிட்டால் வீண் சண்டை மிச்சம்.

சாய்வுத்தளத்துக்கு 1:12 என்பதே வாய்ப்பாடு. ஒரு மீட்டர் ஏற 12 மீட்டர் ஓடவேண்டும். நான்கு படிக்கட்டு, அதாவது சுமார் 60 சென்டிமீட்டர் ஏற்றம் என்றாலே 7.2 மீட்டர் நீளம் தேவை. தொடக்கத்திலும் முடிவிலும் சமதளம் வேண்டும், இரு பக்கமும் கைப்பிடி வேண்டும். ‘இந்த நாலு படிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ரேம்ப் போடக்கூடாதா?’ என்று கேட்பவர்களுக்கு இந்த நீளம் தெரிந்திருப்பதில்லை. இடமில்லாத இடத்தில் நெருக்கி, செங்குத்தாகப் போட்டால் சக்கர நாற்காலியைத் தள்ளும் மனைவிக்கோ பணிப்பெண்ணுக்கோதான் முதுகு போகும். சைக்கிளைத் தடுக்கப் பாதையின் குறுக்கே கம்பி நடும்போதும் இதே கவனம் வேண்டும். 90 சென்டிமீட்டருக்குக் குறைந்த இடைவெளி விட்டால் சைக்கிள்காரர் இறங்கித் தூக்கிக்கொண்டு போய்விடுவார், சக்கர நாற்காலிக்காரர் திரும்பிப் போவார்.

பெஞ்சுக்கு வருவோம். அழகான, முதுகுச்சாய்வு இல்லாத கான்கிரீட் திண்டுகளை வடிவமைப்பாளர்களுக்கு ஏனோ மிகவும் பிடிக்கும். முழங்கால் வலி உள்ளவருக்கு அதில் உட்காருவது எளிது, எழுவது கடினம். இருக்கை சுமார் 45 சென்டிமீட்டர் உயரம் இருக்கட்டும், முதுகுச்சாய்வு வேண்டும், ஊன்றி எழ இரு பக்கமும் கைப்பிடி வேண்டும். மாலை நான்கு மணிக்கு நிழல் விழும் இடமாகப் பார்க்கவேண்டும், ஏனென்றால் பெரியவர்கள் இறங்கி வருவது அந்த நேரத்தில்தான். சந்தைக்குப் போகும் வழியில் ஐம்பது மீட்டருக்கு ஒரு பெஞ்சு என்பது என் கணிப்பில் நியாயமான அளவு. பூங்காவின் நடுவில் பத்துப் பெஞ்சுகளை வட்டமாகப் போடுவதைவிட இது பயனுள்ளது.

கீழ்த்தளத்தைப் பற்றிப் பேசும்போது நம் சமூகம் குரல் கொடுத்தே ஆகவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கீழ்த்தளம் வெறுமையாகக் கிடக்கிறது, அதை ‘உயிர்ப்பிக்க’ வேண்டும் என்று எண்ணி நடுவில் நிரந்தர மேசைகளையும் திண்டுகளையும் செடித்தொட்டிகளையும் பதித்துவிடுவார்கள். அந்த வெறுமைக்கு ஒரு வேலை இருக்கிறது. ஒரு வீட்டில் இழவு என்றால் உடலைக் கிடத்துவதும், வருவோர்க்கு நாற்காலி போடுவதும் அங்கேதான். மலாய்க்காரர் வீட்டுத் திருமணப் பந்தியும் சீனர் வீட்டு இறுதிச்சடங்கும் அங்கேதான். பேட்டையில் ஒரு புளோக்கிலாவது தூண்களுக்கிடையே தடையில்லாத பெரிய இடமும், பக்கத்தில் தண்ணீர்க் குழாயும், மின் இணைப்பும், பாரவண்டி நிற்க இடமும் விடப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். உட்காரும் மூலையை ஓரமாகவோ மின்தூக்கிக்குப் பக்கமாகவோ போட்டுக்கொள்ளலாம். இதைத் தமிழர் ஒருவர் எழுந்து சொன்னால் மற்ற இனத்தவரும் தலையாட்டுவார்கள். ஆனால் யாராவது எழுந்து சொல்லவேண்டும். கூட்டம் வேலை நாளில் இரவு ஏழரைக்கு என்றால் ஷிப்டு வேலைக்காரர் வரமாட்டார், சமையலறையில் இருப்பவரும் வரமாட்டார். ஞாயிறு காலை சந்தை வாசலில் ஒரு மேசை போட்டு, நான்கு மொழியிலும் பேசக்கூடியவர்களை உட்காரவைத்தால் கிடைக்கும் கருத்துகளின் எண்ணிக்கையும் தரமும் வேறாக இருக்கும். தமிழ் மூத்தோரிடம் படிவத்தைக் கொடுத்துவிட்டுப் போவதைவிட வரைபடத்தைக் காட்டி விரலால் வழியைத் தடவச் சொல்வது மேல்.

விளையாட்டு இடங்களைப் பற்றிச் சுருக்கமாக. ரப்பர் தரையின் மேல்படலம் நம் வெயிலில் வெளிறும், ஊஞ்சலின் அடியிலும் சறுக்கு மரத்தின் முடிவிலும் முதலில் தேயும். அந்த இரண்டு இடங்களையும் தனித் துண்டாகப் போட்டால் பின்னால் அதை மட்டும் மாற்றலாம். புதியது வரும்போது பழையதை முழுவதும் இடிக்கவேண்டும் என்பதும் இல்லை. கோர் இயன் கீ 1979இல் வடிவமைத்த டிராகன் விளையாட்டு இடம் தோ பாயோ லோரோங் 6இல் இன்றும் நிற்கிறது; அதைப் பார்க்கவே ஆட்கள் வருகிறார்கள். உங்கள் பேட்டையில் எது நிற்கவேண்டும் என்ற பட்டியலும், எது வரவேண்டும் என்ற பட்டியலோடு சேர்ந்தே நகர மன்றத்துக்குப் போகட்டும்.

இனி சமூகத் தோட்டம். தேசியப் பூங்காக் கழகம் 2005இல் தொடங்கிய இயக்கத்தால் இன்று தீவெங்கும் இத்தகைய தோட்டங்கள் இருக்கின்றன. பணம் குறைவாகவும் மக்கள் பங்கு அதிகமாகவும் தேவைப்படும் திட்டம் இது. அதனாலேயே சீக்கிரம் வாடுவதும் இதுதான். முதல் தவறு இடத்தேர்வு. நாம் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறோம். மார்ச் இறுதி முதல் செப்டம்பர் வரை நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே, மற்ற மாதங்களில் தெற்கே. 12 மாடிப் புளோக்கின் உயரம் 35 மீட்டர் என்று வைத்தால், டிசம்பரில் அதன் நண்பகல் நிழல் வடக்கே ஏறத்தாழ 16 மீட்டர் நீளும். ஜூனில் தெற்கே 14 மீட்டர். ஜூலையில் போய்ப் பார்த்து, ‘நல்ல வெயில் விழுகிறது’ என்று புளோக்கின் வடக்குச் சுவர் ஓரம் வெண்டையும் கத்தரியும் போட்டால், நவம்பரில் இலை மட்டும் மிஞ்சும், காய் இராது. காய்க்கும் செடிக்கு நாளுக்கு ஆறு மணிநேர நேர்வெயில் வேண்டும். அரைநிழல்தான் கிடைக்கும் என்றால் வெற்றிலை, வல்லாரை, புதினா, கற்பூரவல்லி என்று போவதே புத்திசாலித்தனம்.

இரண்டாவது, மண்ணின் கணக்கு. இரண்டரை மீட்டருக்கு ஒரு மீட்டர் அளவில், 30 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு உயர்பாத்தி என்றால் முக்கால் கனமீட்டர் மண். பத்துப் பாத்திக்கு ஏழரை கனமீட்டர். மழையில் நனைந்தால் அது பத்து டன்னைத் தாண்டும். தரையில் இது பிரச்சினையில்லை. பலமாடிக் கார்நிறுத்தக் கூரையில் தோட்டம் போடலாம் என்று யாராவது சொன்னால், பொறியாளர் பாரத்தைக் கணக்கிட்டுச் சொல்லும்வரை ஒரு மூட்டை மண்கூட மேலே போகக்கூடாது. தண்ணீர் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு நாலைந்து லிட்டர். அதாவது பத்துப் பாத்திக்கு இருபது லிட்டர் வாளியால் ஐந்தாறு முறை. குழாய் ஐம்பது மீட்டர் தள்ளி இருந்தால் மூன்றாவது மாதத்தில் யாரும் வரமாட்டார்கள். மழைநீர்ப் பீப்பாய் வைத்தால் இறுக்கமான வலைமூடி கட்டாயம். தொட்டிக்கு அடியில் தட்டு வைக்கவே வேண்டாம். ஏடிஸ் கொசுவுக்கு அந்தத் தட்டில் நிற்கும் நீரே போதும். ஒருமுறை அதில் புழு கண்டுபிடிக்கப்பட்டால் தோட்டத்தின் பெயரும் கெடும், நகர மன்றத்தின் நம்பிக்கையும் போகும். முருங்கை வேண்டாம் என்று சொன்னால் நம்மவருக்குக் கோபம் வரும். ஆனால் அது பாத்தியில் அடங்காது; விறுவிறுவென்று உயர்ந்து, காற்றில் எளிதில் முறிந்து விழும் மரம். கறிவேப்பிலையை வைக்கலாம், வேரிலிருந்து கிளம்பும் கன்றுகளை அவ்வப்போது எடுத்துவிட்டால் சரி.

மூன்றாவது தவறு பூட்டு. காய் திருட்டுப் போகிறது என்று வேலி போட்டுப் பூட்டியதும், பொதுநிலத்தை நாலு பேர் வளைத்துக்கொண்டார்கள் என்ற முணுமுணுப்பு எழும். இரண்டு தரப்பிலும் நியாயம் உண்டு. வேலி இருக்கட்டும், சாவி யார் யாரிடம், எந்தக் கிழமை எந்த நேரம் எல்லாருக்கும் திறந்திருக்கும் என்பதை நான்கு மொழியில் எழுதி வாசலில் தொங்கவிட்டால் முணுமுணுப்பில் பாதி குறையும். அறுவடையில் ஒரு பங்கைக் கீழ்த்தளத்தில் மேசை போட்டுக் கொடுத்துவிட்டால் மீதியும் குறையும். ஒருவரே எல்லாவற்றையும் செய்யும் தோட்டம், அவர் வீடு மாறிப்போனதும் காடாகிவிடும். தொடங்கும்போதே குறைந்தது ஐந்து வீடுகள், கிழமை பிரித்த பணிப்பட்டியல் ஒன்று. இவை இல்லையென்றால் பாத்தி கேட்காமலிருப்பதே மேல்.

அக்கம்பக்கக் கடைகளுக்குத் தனி வழி உண்டு. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் கடைகள் புத்துயிரூட்டும் திட்டமும் 2007இல் வந்ததுதான். தரையையும் கூரையையும் மாற்றுவது சுலபம். ஆனால் கடைக்காரர்கள் ஒரு சங்கமாகச் சேராவிட்டால் அதற்குப் பிறகு எதுவும் நகராது. சிடிசி (சமூக மேம்பாட்டு மன்ற) பற்றுச்சீட்டுகள் வந்தபின் பேட்டைக் கடைகளுக்கும் உணவங்காடிக்கும் ஆள் வருகிறது. அவர் திரும்பவும் வரவேண்டுமானால் கடை வாசல் நடைபாதையில் அரிசி மூட்டையும் பிளாஸ்டிக் நாற்காலியும் வழிமறிக்காமல் இருக்கவேண்டும். இதைச் சொல்ல அமலாக்க அதிகாரி தேவையில்லை, பக்கத்துக் கடைக்காரர் போதும். உணவங்காடி நிலையங்களுக்கு வரும் 20 முதல் 30 ஆண்டுகளில் 1 பில்லியன் வெள்ளி வரை செலவிடப்படும் என்று 2025இல் அறிவிக்கப்பட்டிருக்கிறது. அங்கும் இதே கேள்விகளைக் கேட்கலாம்: வெயில் எந்தப் பக்கம், சாரல் எந்தப் பக்கம், தட்டு திருப்பும் இடத்துக்குச் சக்கர நாற்காலி போகுமா?

சாலை கடக்கும் இடமும் பேட்டையின் பகுதிதான், திட்டத்தின் எல்லைக்கு வெளியே இருந்தாலும். 2009 முதல் மூத்தோர் தங்கள் சலுகை அட்டையைத் தட்டினால் பச்சை விளக்கு 3 முதல் 13 விநாடி கூடுதலாக எரியும் வசதி இருக்கிறது. உங்கள் சந்திப்பில் அது இல்லையென்றால், அங்கே கடக்கும் முதியவர் ஒருவருக்கு எத்தனை விநாடி ஆகிறது என்று கைப்பேசியில் நேரம் பிடித்து அனுப்புங்கள். ‘நேரம் போதவில்லை’ என்ற புகாருக்குக் கிடைக்காத கவனம் ‘பச்சை 18 விநாடி, கடக்க 26 விநாடி’ என்ற வரிக்குக் கிடைக்கும்.

இத்தனையும் பேசிய பிறகுதான் அந்த 75 விழுக்காடு. 400 வீடுள்ள பேட்டையில் 300 பேர் ‘வேண்டும்’ என்று சொல்லவேண்டும். படிவத்தைத் திருப்பித் தராதவர் நடுநிலையாளர் அல்லர். கணக்கில் அவரும் ஆதரிக்காதவரே. வீட்டை வாடகைக்கு விட்டு வேறிடத்தில் இருப்பவர், மருத்துவமனையில் இருப்பவர், பிள்ளை வீட்டில் தங்கியிருப்பவர் ஆகியோரைத் தேடிப் பிடிப்பது வசிப்போர் குழுத் தொண்டர்களின் வேலையாகிவிடுகிறது. தளத்துக்கு ஒருவர் பொறுப்பேற்றால் இது ஒரு வாரத்தில் முடியும். வாடகைக்கு இருப்பவருக்கு இதில் வாக்கு இல்லை, ஆனால் நடந்து பார்க்கும் குழுவில் அவரைச் சேர்ப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. அந்தப் பாதையில் தினமும் நடப்பவர் அவர்தானே.

பணி முடிந்து ரிப்பன் வெட்டியபின் நாம் கைகழுவிவிடுகிறோம். ஒப்பந்ததாரர் குறைகளைத் தம் செலவில் சரிசெய்துதரும் பொறுப்புக் காலம் ஒன்று ஒப்பந்தத்தில் இருக்கும். இத்தகைய பணிகளில் அது பெரும்பாலும் 12 மாதம். அதன் கடைசித் தேதியை நகர மன்றத்திடம் கேட்டுத் தெரிந்துகொண்டு மின்தூக்கி முகப்பில் ஒட்டிவைக்கவேண்டும். அந்தப் பன்னிரண்டு மாதத்துக்குள் ஒரு வடகிழக்குப் பருவமழை கட்டாயம் வரும். பிப்ரவரியில் ஒப்படைக்கப்பட்ட நடைபாதை வறண்ட மாதத்தில் குறையில்லாமல்தான் தெரியும். டிசம்பரில் ஒரு கனமழை விட்டதும் அதே எட்டுப் பேர் அதே சாக்குக்கட்டியோடு இறங்கி, நீர் தேங்கும் இடங்களைக் கோடிட்டுப் படமெடுத்து, ஜனவரி பிறப்பதற்குள் அனுப்பிவிட்டால் அதைச் சரிசெய்யும் செலவு ஒப்பந்ததாரருடையது. மார்ச்சில் அனுப்பினால் நம்முடையது.

இப்படிக்கு,
வாசகர்,
தோ பாயோ